செட்டிநாட்டு வீட்டுக் கொட்டான்: பார்த்தவங்க சொல்லுங்க

மேலூர்க்காரன்:
காரைக்குடி பக்கம், சனங்க பார்க்கத் திறந்து வச்சிருக்கிற பழைய வீடு. ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில ஒரு கொட்டான், பனையோலையில முடைஞ்ச சின்னக் கூடை. கல்யாணத்துல பலகாரம் வச்சுக் குடுக்குறதுதான், மணி கோத்த குரோஷா உறையோட. ஜன்னலைப் பார்த்த விளிம்பு நொறுங்கி, ஓலை செதில் செதிலா தட்டுல கிடக்கு. அந்தப் பக்கம் சிவப்புச் சாயம் வைக்கோல் நிறமாயிடுச்சு. நிழல் பக்கம் இன்னும் குங்குமமா இருக்கு. அடி சதுரம், வாய் வட்டம், நாலு மூலையிலயும் ஒரு பிசிறு இல்ல. அப்படி முடைஞ்ச கைக்கு இந்தக் கதியான்னு மனசு ஆறல. பலகையில வெறும் ‘கூடை’ன்னு எழுதியிருக்கு.

திருப்பத்தூர் அக்கா:
தம்பி, வெயில் மட்டுமில்ல. இன்னொரு வீட்ல பார்த்த கொட்டான் நிழல்லதான் இருந்துச்சு, பளபளப்புக்கு எண்ணெய் தடவி, பின்னல் சந்தெல்லாம் தூசி பிசினா ஒட்டிக் கெடந்துச்சு. எண்ணெய் காய்ஞ்ச ஓலைக்கு உயிர் தராது, கறுக்கத்தான் வைக்கும். ஈரத்துணியும் வேண்டாம், சாயம் உறையில இறங்கிடும். மெல்லிசு பிரஷ்ஷால பின்னல் போற போக்குலயே தட்டணும். உள்ளே அமிலமில்லாத காகிதத்தைக் கசக்கித் தளர்வா வைங்க. இல்லாட்டி மணி உறையோட பாரம் விளிம்பை உள்ளே இழுக்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்குற அலகு) மேல போகக்கூடாது. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சை பூக்கும், ரொம்பக் குறைஞ்சா ஓலை முறியும். பூச்சி விழுந்தா பாலிதீன்ல காத்துப் புகாம கட்டி, ஃப்ரீசர்ல மைனஸ் 20 டிகிரியில 2 வாரம் வைங்க. எடுத்ததும் பிரிக்காதீங்க, குளிர் விடட்டும். இல்லாட்டி ஓலை மேலயே தண்ணி கோத்துக்கும்.

ஓலை முடைபவர்:
அக்கா சொன்னது வெறும் ஓலைக்குச் சரி. மணி உறையோட ஃப்ரீசர்ல வைக்கிறது ஆபத்து, பழைய கண்ணாடி மணி விரிசல் விடலாம். முதல்ல உறையைக் கழட்டணும்.

இன்னொண்ணு: விளிம்பைப் புது ஓலை வச்சு ஒட்டுப் போட்டுடாதீங்க. புதுசு இறுக்கமா நிக்கும், பழசு பக்கத்துலயே முறியும். மாதிரிக்கு ஒண்ணு முடைஞ்சு பக்கத்துல வைங்க. குருத்தோலைதான் வேணும், முத்தினது மூலையில மடங்காம வெடிக்கும். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமா வகிர்ந்து, முடையுற முன்னாடி தண்ணியில நனைச்சு ஈரத்துணியில சுத்தி வைங்க. ராத்திரி முழுக்க ஊறப்போட்டா ஓலை உப்பிடும். காஞ்சதும் சுருங்கி, பின்னல்ல சந்து விழும். அடிக்கு ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை ஓலை. ஒண்ணு கூடினாலும் வாய் வட்டமா வராது, கோணிக்கும்.

மேலூர்க்காரன்:
உறையைக் கழட்டுறப்போ நூல் அறுந்தா மணி சிதறுமே?

ஓலை முடைபவர்:
வெள்ளைத் துணியை விரிச்சு, அதுமேல வச்சுக் கழட்டுங்க. அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்குங்க, மணி வரிசை மாறிடக்கூடாது.