நூறு வரை ஒப்பிக்கிறாள், ஆறு ஸ்பூன் எண்ணித் தரத் தெரியவில்லை

கோட்டையூர்க்காரி:

மகளுக்கு நாலேகால் வயது. காரைக்குடியில் எல்கேஜி படிக்கிறாள். ஒன் முதல் ஹண்ட்ரட் வரை மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார் அவளை முன்னால் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார். சில நாள் ஃபோர்டீனுக்கு அப்புறம் ஃபிஃப்டி, ஃபிஃப்டி ஒன் என்று தாவிவிடுவாள். வந்தவர்கள் காபி குடிக்கிற மும்முரத்தில் கவனிப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை விருந்தாட்கள் வந்திருந்தார்கள். பாயசத்துக்கு ஆறு ஸ்பூன் எடுத்து வா என்றேன். கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்தாள். எண்ணு என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டு ஒன்பது வரை சரியாகவே எண்ணினாள். "சரி, அப்ப எத்தனை ஸ்பூன் இருக்கு?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே. நான் கத்த, அவள் அழ, பாயசம் ஆறிப்போனது.

பள்ளியில் டைரியில் ‘பயிற்சி போதவில்லை’ என்று எழுதி, தினம் இரண்டு பக்கம் எண் எழுதி வரச் சொல்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் கேட்பது அழுகைச் சத்தம்தான். அவள் அப்பா சிங்கப்பூரில். எனக்கோ சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் வயிற்றைக் கலக்கும். ‘நீயும் என்னை மாதிரியே மக்கு’ என்று அன்றைக்கு வாய் தவறிச் சொல்லியும் விட்டேன்.

அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

செஞ்சை அண்ணன்:

கவலையே படாதீங்க. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்துப் பேரேடு எழுதிய ஊர் இது. கணக்கு நம் ரத்தத்திலேயே இருக்கிறது, தானாக வரும். இருந்தாலும் அபாகஸில் சேர்த்துவிடுங்கள், நல்லதுதான்.

தேவகோட்டை டீச்சர்:

ஏம்மா, முதலில் அந்த ஸ்பூன் விஷயம். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாக 31 வருடம் எடுத்தேன். எண்ணி முடித்த பிறகும் ‘எத்தனை?’ என்றால் திரும்ப எண்ண ஆரம்பிக்கிற பிள்ளைகளை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்த்திருக்கிறேன். அது மக்குத்தனம் இல்லை. நூறு வரை சொல்வது அவளுக்கு ஒரு பாட்டு. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது வேறு விஷயம், அது தனியாகப் பிடிபட வேண்டும். நீங்கள் ‘எத்தனை’ என்று கேட்டது அவள் காதில் ‘இன்னொரு தடவை பாடு’ என்று விழுந்திருக்கிறது. பாடினாள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். சிகாகோவில் சூசன் லெவின் என்கிற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் 44 குழந்தைகளின் வீடுகளில், 14 மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து 30 மாதம் ஆகும் வரை ஐந்து முறை போய், தடவைக்கு ஒன்றரை மணி நேரம் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்த ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் பெரியவர்கள் வாயிலிருந்து வந்த எண் சொற்கள் நாலே நாலு. இன்னொரு வீட்டில் 257. எண்களை அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வயதை நெருங்கும்போது ‘ஐந்து என்றால் எவ்வளவு’ என்பது நன்றாகப் புரிந்திருந்ததாம். 2010இல் வெளிவந்த ஆய்வு. அடுத்த வருடமே இன்னொன்றும் சொன்னார்கள்: கண் முன்னால் இருக்கிற பொருளை எண்ணிக் காட்டுவதுதான் பலன் தருகிறது, அதிலும் நாலிலிருந்து பத்து வரை.

செஞ்சைத் தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மீசை முளைக்காத வயதில் வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, நாளெல்லாம் காசையும் வட்டியையும் காதில் வாங்கியதால் வந்த கணக்கு அது. அதையேதான் உங்கள் சமையல்கட்டிலும் செய்யலாம்.

வெள்ளைப் பணியாரத்துக்கு அளக்கும்போது அவளைக் கூப்பிடுங்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது நம் பக்கத்து அளவு. அந்தத் தட்டுவதையும் குவிப்பதையும் அவள் கையால் செய்யட்டும். பழைய அளவுகள் வீட்டில் கிடந்தால் அதிர்ஷ்டம்தான்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி விளையாடினால், இரட்டிப்பது என்ன என்று யாரும் சொல்லாமலே தெரியும். சுட்டு எடுத்ததும் ‘அப்பத்தாவுக்கு மூணு, உனக்கு ரெண்டு’ என்று அவளே தட்டில் வைக்கட்டும். எண்ணி முடித்ததும் நீங்களே ‘ஆக அஞ்சு பணியாரம்’ என்று சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாளைக்குக் கேள்வியே வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடா? வரிசையாகப் பத்துக் கல்லில் சாக்பீஸால் 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு சோழியைப் போடுங்கள். மல்லாந்தால் இரண்டு, கவிழ்ந்தால் ஒன்று. அத்தனை கல் நகர வேண்டும். நகரும்போது ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சொல்லக் கூடாது. மூன்றில் நிற்கிறாள் என்றால் ‘நாலு, அஞ்சு’ என்று கல்லில் இருக்கிற எண்ணைச் சொல்ல வேண்டும். விஷயமே அதில்தான். சீக்லரும் ரமணியும் 2008இல் இப்படி ஓர் ஆட்டத்தை அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் நாலு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம். எண்களுக்குப் பதில் வெறும் வண்ணக் கட்டங்களில் ஆடிய பிள்ளைகளிடம் முன்னேற்றம் இல்லை, எண் கட்டத்தில் ஆடியவர்களிடம் நன்றாகவே தெரிந்தது. பரமபதம் பிறகு வாங்கலாம். அதில் வரிசை திரும்பித் திரும்பிப் போவதால் இந்த வயதுக்குக் குழம்பும்.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பத்துக்கு அவள் பொறுப்பில்லை, அந்தச் சொற்கள் அப்படி. பதினைந்தையும் ஐம்பதையும் யாராவது குழப்புவார்களா? வீட்டில் தமிழிலேயே எண்ணட்டும்.

கடைசியாக, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ‘மக்கு’ இனி வேண்டாம். ‘எனக்கும் கணக்கு வராது’ என்பதும் வேண்டாம். கணக்கைக் கண்டு பயப்படுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருடம் கணக்கைக் குறைவாகவே கற்கிறார்கள், பயமும் கூடுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த இரண்டு பக்கத்தை மாமியாரிடம் தள்ளிவிடுங்கள். நீங்கள் பணியாரத்தோடு நில்லுங்கள். அபாகஸ் இப்போது தேவையே இல்லை.

சந்தைக்காரர் மகன்:

டீச்சர் சொல்வதில் பாதிக்குப் பாதி நானே சாட்சி. அப்பாவுக்கு வாரச்சந்தையில் காய்கறிக் கடை. ஆறு வயதிலேயே முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கு மீதிச் சில்லறை கணக்காகக் கொடுப்பேன். பள்ளியில் அதே கணக்கைப் பலகையில் எழுதினால் முட்டை. வாத்தியார் நம்பவே மாட்டார். 2025இல் கொல்கத்தா, டெல்லி சந்தைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தபோது எனக்கு அழுகையே வந்தது. கடையில் மனக்கணக்கில் புலியாக இருக்கிறார்கள், தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நேர் எதிர். அதனால் சமையல்கட்டோடு விட்டுவிடாதீர்கள். பணியாரம் எண்ணி முடித்ததும் ஒரு தாளில் ஐந்து வட்டம் போட்டுப் பக்கத்தில் 5 என்று எழுதச் சொல்லுங்கள்.

தேவகோட்டை டீச்சர்:

சரியான பேச்சு. நான் விட்டுவிட்டேன்.

கோட்டையூர்க்காரி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அபாகஸில் சேர்க்கவில்லை. முகப்பில் பத்துக் கல்லில் எழுதியிருக்கிறோம். துடைக்கக் கூடாது என்று வேலைக்கார அக்காவிடம் மகளே உத்தரவு போட்டிருக்கிறாள். பரணிலிருந்து பல்லாங்குழியும் இறங்கியது. பதினாலு குழிக்கு ஐந்தைந்தாக எழுபது முத்து அவளுக்கு அதிகம், மூன்று மூன்றாக வைக்கிறோம். இரண்டாம் நாளே ஒரு புளியங்கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்டு எங்களை ஆஸ்பத்திரி வரை ஓட வைத்தாள். இப்போது சோழிதான், அதுவும் பெரிய சோழி. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம்; உடனே ‘பசு!’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். மாமியார் கள்ளாட்டம் ஆடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். அதை இன்னும் அவள் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு பக்கம் எழுதுவது இன்னும் இழுபறிதான். ஃபிஃப்டி தாவலும் போகவில்லை. நேற்று மட்டும், சீப்புச் சீடையை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தவளிடம் பழக்க தோஷத்தில் ‘எத்தனை?’ என்று கேட்டுவிட்டேன். "இப்பத்தானே சொன்னேன், ஏழுன்னு" என்று சலித்துக்கொண்டாள்.