ஒரே லினக்ஸ் மிஷினில் இரண்டு நெட்வொர்க் கார்டு மாட்டி நாம் மாட்டிக்கொண்ட கதைகள்

வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டர்:
கடைக்கெல்லாம் நெட் பிரித்துக் கொடுக்கும் மிஷினில் இரண்டு கார்டு, ஒன்று வெளி லைனுக்கு, இன்னொன்று கடை மிஷின்களுக்கு. முந்தின ராத்திரி அதன் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் செய்தேன், ரீபூட் செய்யவில்லை. மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட். ஒன்பதரைக்குக் கரண்ட் போய் வந்தது, மிஷின் புதுக் கெர்னலில் எழுந்தது, கார்டுகளின் பெயர் இடம் மாறி ஈத்0 ஈத்1 ஆகிவிட்டது, ஈத்1 ஈத்0. ஒன்று மதர்போர்டில் இருந்தது, இன்னொன்று தனியாகச் செருகின ரியல்டெக் 8139 கார்டு. இரண்டு லைட்டும் ஜோராக மினுங்குகிறது, ஆனால் ஒரு மிஷினிலும் நெட் இல்லை. கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி அதே ஓட்டையில் செருகிக்கொண்டிருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்த பையன், நம்பர் எழுதின சீட்டை எட்டாக மடித்து, பிரித்து, திரும்ப மடித்து, கடைசியில் "சரிண்ணே, வேற கடைல பாக்கேன்" என்று போய்விட்டான். இரண்டு கேபிளையும் இடம் மாற்றினால் போதும் என்று அப்புறம்தான் உறைத்தது.

பாளை:
அண்ணாச்சி, கேபிளை மாற்றுவதெல்லாம் ஒரு வைத்தியமா? கார்டிலேயே பதிந்திருக்கும் மேக் முகவரியைப் பார்த்துப் பெயர் வைக்கும்படி யூடெவ்வில் (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் நிரல்) ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியின் 197-ஆம் பதிப்பு 2013-ல் வந்ததற்கு அப்புறம் அதுவும் தேவையில்லை, கார்டு இருக்கும் இடத்தை வைத்தே இஎன்பி3எஸ்0 (3 என்பது கார்டு இருக்கும் பிசிஐ பஸ்ஸின் நம்பர்) என்று பெயர் வந்துவிடும். லினக்ஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவர் பெயர்தான், உங்கள் 8139 அங்கே ஆர்எல்0, இன்டெல் ஈஎம்0. வேறு வேறு டிரைவர் என்றால் குழம்ப வழியே கிடையாது.

சங்கரன்கோவில்:
தேவையில்லையாம்! புதிதாக வேறொரு கார்டைச் செருகினேன், பஸ் நம்பர் நகர்ந்து 3 என்பது 4 ஆனது, நெட் அம்போ. சரி, என் கதை வேறு. ஒரே ஸ்விட்சில் இரண்டு கார்டு, ஐபி முகவரி 192.168.1.10, 192.168.1.11. இரண்டாவது கார்டின் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன், பக்கத்து மிஷினில் .11-க்குப் போட்ட பிங்குக்கு ('இருக்கிறாயா' என்ற விசாரிப்பு) பதில் வந்துகொண்டே இருக்கிறது. கோட்டி பிடித்த மாதிரி கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். லினக்ஸுக்கு ஐபி என்பது கார்டின் சொத்து இல்லை, மிஷினின் சொத்து. அதைக் கேட்டு எந்தக் கார்டில் ஏஆர்பி ('இந்த ஐபி யாருடையது' என்ற கேள்வி) வந்தாலும் அந்தக் கார்டே பதில் சொல்லிவிடும்.

தென்காசி:
என்னுடையது சின்னக் கதை, இரண்டு இன்டர்நெட் லைன், இரண்டு டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழக்கமான வழி), அரைநாள் வீண். ஆனால் எல்லோரும் இதைக் கேளுங்கள். டீஃபால்ட் கேட்வே ஒன்றுதான் வையுங்கள். இரண்டாவது லைனில் வருவதற்கு அதே லைனில் பதில் போக வேண்டுமென்றால் அதற்குத் தனி ரூட்டிங் டேபிள் (எது எந்த வழியில் போகும் என்ற பட்டியல்), கூடவே ஐபி ரூல் (எதற்கு எந்த டேபிள் என்ற விதி). இல்லாவிட்டால் கேள்வி ஒரு வழியில் வரும், பதில் இன்னொரு வழியில் போகும், ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழி சரியா என்று பார்க்கும் லினக்ஸ் செட்டிங்) 1-ல் இருந்தால் வந்த பாக்கெட்டையே தூக்கி எறிந்துவிடும். அந்தந்தக் கார்டின் ஐபிக்கு அந்தந்தக் கார்டு மட்டும் பதில் சொல்ல, சங்கரன்கோவில்காரர் ஏஆர்பி இக்னோரை 1, ஏஆர்பி அனவுன்ஸை 2 என்று வைக்கட்டும். எது எந்தக் கார்டு என்று தெரியவில்லையா, ஈத்டூல் கட்டளையில் மைனஸ் பி போட்டால் அந்தக் கார்டின் லைட் மட்டும் சிமிட்டும், டிரைவர் இடம் கொடுக்கும் கார்டுகளில் வேலை செய்யும். பார்த்த கையோடு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டர்:
கார்டு சவத்தை விடுங்கய்யா. அந்தப் பையன் பாஸா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.