புஷ்னலின் பாங், அடாரி நாட்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சன்னிவேல்வாசி:
மவுண்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன். படிப்பை விட்டுவிட்டு கேம் கம்பெனி தொடங்குவேன் என்கிறான், அது வேறு கதை. நோலன் புஷ்னல் தொடங்கிய அடாரி கம்பெனியின் வீடியோ கேம், திரையில் பந்தடிக்கும் 'பாங்', அதன் முதல் பெட்டி அங்கேதான் இருக்கிறது. மரப்பெட்டி, ஆடுவதற்குத் திருப்பும் இரண்டு குமிழ், அடாரி இன்ஜினியர் ஆல்கார்ன் கடையில் வாங்கி உள்ளே பொருத்திய சாதாரண ஹிட்டாச்சி டிவி. 1972இல் எங்கள் ஊர் ஆண்டி கேப்ஸ் மதுக்கடையில் நின்ற அதே பெட்டி. ரிப்பேர் என்று மதுக்கடையிலிருந்து ஆல்கார்னைக் கூப்பிட்டார்கள், அவர் போய்த் திறந்தால் காசு நிரம்பி அடைத்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் காசு போடும் இடத்துக்கு முன்னால் நின்றதும் எனக்குக் கால் நகரவில்லை. ஒரு 25 சென்ட் நுழைகிற இடுக்கு, அவ்வளவுதான். இத்தனை பெரிய தொழில் அதன் வழியாகவா வந்தது!

ஒடிசி ரசிகை:
புஷ்னலை மட்டும் கொண்டாடுவதை நான் ஏற்க மாட்டேன். ரால்ஃப் பேர் என்ற இன்ஜினியர் உருவாக்கி மேக்னவாக்ஸ் கம்பெனி விற்ற, வீட்டு டிவியில் இணைத்து ஆடும் ஒடிசி கருவியை 1972 மே மாதம் பர்லிங்கேமில் நடந்த காட்சியில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவர் பாங்கைச் செய்யவைத்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே இருந்தது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டு, 1976இல் அடாரி பணம் கட்டி உரிமம் வாங்கியது. நியூஜெர்சியில் சித்தப்பா வீட்டில் ஒடிசி ஆடியிருக்கிறேன். வண்ணத் தாளை டிவி திரைமேல் ஒட்டவேண்டும். ஸ்கோர் வராது, சத்தமும் கிடையாது. பாதி ஆட்டத்தில் தாள் நழுவிக் கீழே விழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்கள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. ரால்ஃப் பேர் செய்தது அதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

சான் ஹோசே அப்பா:
மகள் பிறந்தநாளுக்கு சக் இ. சீஸ் என்ற பீட்சா கடைக்குப் போனோம். பாடும் எலி பொம்மையைப் பார்த்து அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதுவும் 1977இல் இதே ஊரில் புஷ்னல் ஆரம்பித்ததுதான். பீட்சா வேகும்வரை பிள்ளைகள் காசு போட்டு ஆடட்டும் என்ற கணக்கு.

சன்னிவேல்வாசி, உங்கள் அக்கா மகனைப் படிப்பை விட விடாதீர்கள். புஷ்னல் யூட்டாவில் இன்ஜினியரிங் முடித்து, ஆம்பெக்ஸ் என்ற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, அங்கே பழகிய டெட் டாப்னியோடு தொழிலில் இறங்கியவர். 1971இல் வந்த அவர்களின் முதல் கேம் கம்ப்யூட்டர் ஸ்பேஸ் பெரிதாக ஓடவில்லை, அப்புறம்தான் அடாரி. வீட்டில் ஆடும் கேம் கருவி தயாரிக்கப் பணம் வேண்டியிருந்தது, 1976இல் அடாரியை வார்னர் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனிக்கு 2.8 கோடி டாலருக்கு விற்றார். இரண்டே வருடத்தில் தன் கம்பெனியிலிருந்தே வெளியே போகவேண்டி வந்தது. பீட்சா கம்பெனியும் 1984இல் திவால். அதனால் யாரிடம் முதலீடு வாங்கினாலும் கடைசி முடிவு யார் கையில் என்பதை வக்கீலை வைத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன ஆட்டத்தையாவது முடித்து, முன்பின் தெரியாத நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்கட்டும்.