"கிளிக் பண்ணினால்தானே?" – குன்னூர் வெப்புக்கு என் பதில்

கோத்தகிரி விடுதி:
தளத்தில் சேர்க்கும் துணை நிரல்களான முன்பதிவு ப்ளகின்களைப் பற்றிப் பேசும்போது, தளம் செய்து கொடுக்கும் குன்னூர் வெப் நேற்று இப்படி எழுதினார்: "சிஎஸ்ஆர்எஃப் எல்லாம் பாதுகாப்பு ஓட்டைக் கணக்கிலேயே வராது. அட்மின் லிங்க்கைக் கிளிக் பண்ணினால்தானே நடக்கும்?" நாம் லாகினில் இருக்கும் தளத்துக்கு, வேறொரு பக்கம் நம் பிரவுசரை வைத்தே நம் பெயரில் கட்டளை அனுப்ப வைக்கும் தாக்குதல்தான் சிஎஸ்ஆர்எஃப். அவர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

கோத்தகிரியில் நாலு அறை வைத்து நடத்துகிறேன். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே, அந்தக் குழப்பத்தில் வருகிறவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். "இ-பாஸ் புது விதிமுறை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. லேப்டாப்பில் திறந்தேன். பக்கத்து டேபில், வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் என் தளம் லாகினில் இருந்தது. ஒரு நொடி வெள்ளைப் பக்கம், அப்புறம் என் தளத்தின் செட்டிங்ஸ் பக்கமே வந்து நின்றது. கை தவறி எதையோ தொட்டுவிட்டேன் என்று மூடிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, முன்பணம் கட்டிய ஒரு குடும்பம் குழந்தைகளோடு வாசலில் வந்து இறங்கியது. பணம் எனக்கு வரவே இல்லை. ப்ளகினில் இருந்த யுபிஐ ஐடி என்னுடையது இல்லை. பாஸ்வேர்டை யாரும் திருடவில்லை. என் பிரவுசரே என் பெயரில் போய் மாற்றிவிட்டு வந்திருக்கிறது. இது ஓட்டை இல்லை என்றால் எதுதான் ஓட்டை?

குன்னூர் வெப்:
உங்களுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் நீங்களே எழுதிவிட்டீர்கள், "திறந்தேன்" என்று. கிளிக் பண்ணியது நீங்கள். 11 வருடமாகத் தளம் செய்து கொடுக்கிறேன், என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் இப்படி ஆனதில்லை. இன்னொன்று, 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்ததிலிருந்து குக்கி, அதாவது நீங்கள் லாகினில் இருப்பதைத் தளத்துக்குக் காட்டும் அடையாளம், தளம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் சேம்சைட் லாக்ஸ் என்ற கட்டுப்பாட்டில்தான். வேறு தளத்திலிருந்து ஃபார்ம் அனுப்பினால் லாகின் குக்கி கூடப் போகாது. செத்துப்போன பாம்பை அடிக்கிறீர்கள்.

கொடை நிரலர்:
அண்ணே, லாக்ஸ் தடுப்பது போஸ்ட் கோரிக்கையை, அதாவது ஃபார்ம் நிரப்பி அனுப்புவது போன்றதை. கெட் கோரிக்கையாக, அதாவது லிங்க்கைத் திறப்பது போல, முழுப் பக்கமும் நகர்ந்தால் குக்கி கூடவே போகும். அவர் தளத்தின் செட்டிங்ஸ் பக்கமே வந்து நின்றது என்கிறாரே, அப்படியென்றால் அந்த ப்ளகின் கெட்டில் வந்ததையும் வாங்கிச் சேமித்திருக்கிறது, நான்ஸையும், அதாவது கோரிக்கை தளத்தின் சொந்த ஃபார்மிலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறியீட்டையும், பார்க்கவில்லை. வேர்ட்பிரஸ் 2.0.3லேயே, அதாவது 2006லேயே, நான்ஸ் வந்துவிட்டது. ஃபார்மில் ஒரு வரி, சேமிக்கும் இடத்தில் ஒரு வரி. அதைக்கூட எழுதாதவனை விட்டுவிட்டு விடுதிக்காரரைக் குற்றம் சொல்வீர்களா?

குன்னூர் வெப்:
தம்பி, பாடம் எடுக்க வேண்டாம். கிளிக் பண்ணினாரா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லு.

கோத்தகிரி விடுதி:
கிளிக் பண்ணினேன் சார்! சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது லிங்க்கைத் திறக்கிறேன். விருந்தினர் அனுப்பும் மேப், ஆதார் படம், பஸ் டிக்கெட். திறக்காமல் விடுதி நடத்த முடியுமா? என் வாட்ஸ்அப் எண் என் தளத்திலேயே இருக்கிறது. எந்த ப்ளகின் போட்டிருக்கிறேன் என்பதைப் பக்கத்தின் சோர்ஸைப் பார்த்தாலே யாரும் தெரிந்துகொள்ளலாமாம். எனக்கென்றே செய்த லிங்க் அது.

உதகை வாசி:
சிஎஸ்ஆர்எஃப்பை இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் டாப் 10 ஆபத்துப் பட்டியலிலிருந்து 2017லேயே எடுத்துவிட்டார்கள். பெரிய ஆபத்து என்றால் எடுப்பார்களா?

குன்னூர் வெப்:
அப்படிச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் ஒருவராவது வந்தாரே.

கொடை நிரலர்:
ஏன் எடுத்தார்கள் என்பதையும் படியுங்கள். தளம் கட்டப் பயன்படும் பல ஃப்ரேம்வொர்க்குகளே தடுப்பைக் கொடுத்துவிடுவதால் 5 சதவீதச் செயலிகளில்தான் இருந்தது என்றார்கள். 2021 பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு (யார் எதைச் செய்யலாம் என்பதைத் தளம் சரியாகப் பார்க்காதது) என்ற முதல் இடத்துக்குள் அதையும் சேர்த்துவிட்டார்கள். தளத்தில் சிறு நிரல்களைச் சேர்க்க உதவும் கோட் ஸ்னிப்பெட்ஸ் ப்ளகின் ஞாபகம் இருக்கிறதா? 2 லட்சத்துக்கும் மேல் தளங்களில் இருந்தது. இம்போர்ட் பக்கத்தில் இந்த நான்ஸ் சோதனை விட்டுப்போனதால், அட்மினை ஒரு லிங்க்கைத் திறக்க வைத்தே தளத்தில் எந்த நிரலையும் ஓட வைக்கலாம் என்ற நிலை. 2020 ஜனவரியில் 2.14.0 பதிப்பில்தான் அடைத்தார்கள்.

குன்னூர் வெப்:
நீயே சொல்லிவிட்டாய், "லிங்க்கைத் திறக்க வைத்தே". கிளிக். திரும்பத் திரும்ப அங்கேதான் வருகிறாய்.

கொடை நிரலர்:
சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தளத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தார். நீங்கள் எழுதிய கட்டண ப்ளகினைத் திறந்து பார்த்தேன். "நான்ஸ் வந்திருந்தால் சரிபார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வராவிட்டால்? அப்படியே உள்ளே விட்டுவிடும். அனுப்புகிறவன் நான்ஸே இல்லாமல் அனுப்பினால் வேலை முடிந்தது. வந்திருப்பவர் அட்மின்தானா என்ற சோதனையும் இல்லை. அதனால்தான் கிளிக், கிளிக் என்று கத்துகிறீர்கள்.

குன்னூர் வெப்:
ஓ, அந்த வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டு போனது நீதானா! பாதி விலைக்கு வேலை பிடிப்பவன் எனக்குக் குறை சொல்ல வந்துவிட்டான். கொடைக்கானலில் வேலை கிடைக்கவில்லை என்றால் அங்கேயே தேடு. நீலகிரிக்கு ஏன் வருகிறாய்?

உதகை வாசி:
ஊர்ச் சண்டை வேண்டாமே. அப்புறம் குன்னூர் வெப், முன்பு நீங்கள் அனுப்பிய ஒரு படத்தில் "ஊட்டி" என்று போட்டிருக்கிறீர்கள். உதகமண்டலம் என்று எழுதினால் என்ன?

குன்னூர் வெப்:
தேடுகிறவர்கள் எல்லாம் ஊட்டி என்றுதான் தேடுகிறார்கள். தொழில் தெரியாதவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

கோத்தகிரி விடுதி:
ஊர்ப் பெயரை விடுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அறையும் கொடுத்தேன், போன பணத்தையும் நானே ஏற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் இந்த விஷயத்தை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். இப்போது அட்மின் வேலைக்குத் தனி பிரவுசர், முடித்ததும் லாக்அவுட். இது நான் செய்ய வேண்டியது, செய்கிறேன். ப்ளகின் எழுதியவர் செய்ய வேண்டியதை யார் செய்வது? கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்காமல் வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நீ ஏன் தூங்கினாய் என்று கேட்பது நியாயமா?

குன்னூர் வெப்:
கதவைத் திறந்துவிட்டதே நீங்கள்தான். கிளிக் பண்ணியது நீங்கள்தான்.

கொடை நிரலர்:
அண்ணே, அந்த "வந்திருந்தால்" வரியைத் திருத்தினீர்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குன்னூர் வெப்:
முதலில் அவர் கிளிக் பண்ணியதற்குப் பதில் வரட்டும்.

கோத்தகிரி விடுதி:
பண்ணினேன் என்று மேலேயே எழுதிவிட்டேன் சார். அந்த வரி இன்னும் எத்தனை விடுதிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது?