கலைச்சொல்: பழைய ரைஃபிளின் ‘ஒரிஜினல் கான்ஃபிகரேஷன்’ – ‘புறப்பாட்டு அமைவு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பழைய வின்செஸ்டர் துப்பாக்கிகள் பற்றிய கையேட்டின் மொழிபெயர்ப்பு ‘ஒரிஜினல் கான்ஃபிகரேஷன்’ என்ற இந்த ஒரு தொடரில் சிக்கி நிற்கிறது. ‘புறப்பாட்டு அமைவு’ என்று நான் முன்வைத்ததற்கு வந்த மறுமொழிகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> ‘மூல உள்ளமைவு’ என்றே வைத்துவிடலாமே? கணினித் துறையில் பழகிய சொல்தானே!

அந்தப் பழக்கம்தான் இடிக்கிறது. உள்ளமைவு என்றால் விரும்பியபோது திறந்து மாற்றிக்கொள்ளும் ஒன்றைத்தான் வாசகர் நினைப்பார். சேகரிப்பாளர் கேட்பது வேறு: இது எந்த வகைத் துப்பாக்கி, குழல் உருண்டையா எட்டுப் பட்டையா, எத்தனை அங்குலம், எந்தத் தோட்டா, எந்த விசை, அடிக்கட்டையில் எந்தத் தகடு. இத்தனையும் சேர்ந்ததற்கு வெறும் ‘அமைவு’ போதும். அதற்கு முன்னால் என்ன சேர்ப்பது என்பதே கேள்வி.

> ‘அசல்’ இருக்க ஏன் இவ்வளவு பாடு?

ஐயா, அசலுக்கு எதிர்ச்சொல் போலி. குழலை வெட்டிக் குறுக்கிய 1873 மாடல் போலி ஆகாது. வின்செஸ்டர் ஆலை இருந்த நியூ ஹேவனில் செய்த அதே துப்பாக்கிதான், பின்னால் ஒருவர் கை வைத்திருக்கிறார், அவ்வளவே. உண்மையான போலி வேலையும் உண்டு. சாதாரண ரைஃபிளில் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்ற எழுத்தைப் பொறித்து, வின்செஸ்டர் தேர்ந்தெடுத்து விற்ற அரிய துப்பாக்கியாகக் காட்டிவிடுவார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கையேடே பயனற்றுப்போகும்.

> ‘ஆலை அமைவு’ சுருக்கமாக இருக்கிறதே அண்ணா?

இதுதான் நல்ல போட்டியாளர். ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்குக் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டையே சொல்கிறேன்.

நெம்புகோல் இயக்கம் கொண்ட 1873 மாடல் மூன்று வகையாக வந்தது. ரைஃபிளுக்கு வழக்கமாக 24 அங்குலக் குழல், குறுகிய வகையான கார்பைனுக்கு 20 அங்குல உருண்டைக் குழல், நீண்ட வகையான மஸ்கெட்டுக்கு 30 அங்குலம். இப்போது ஒரு துப்பாக்கி கைக்கு வருகிறது: குழல் 20 அங்குலம், இடப்பக்கம் சேண வளையம் (குதிரைச் சேணத்தோடு மாட்டிக்கொள்ள). பார்த்ததும் கார்பைன் என்று சொல்லிவிடத் தோன்றும். முதலில் அளவையே சரியாக எடுக்க வேண்டும். போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் உருளையை) மூடி, குழல் வாய் வழியாகக் குச்சியை விட்டு, அது போல்ட்டின் முகத்தில் முட்டும் வரை அளப்பதே முறை. வெளியே தெரியும் இரும்பை மட்டும் அளந்தால் குறைவாக வரும்.

பிறகு முன்கட்டையைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ரைஃபிளில் முன்கட்டையின் நுனிக்கு இரும்புத் தொப்பி உண்டு. அதைப் பிடித்து நிறுத்தக் குழலின் அடியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். கார்பைனில் தொப்பி கிடையாது, குழலைச் சுற்றி இரண்டு பட்டைகள் இருக்கும். நம் ‘கார்பைன்’ குழலின் அடியில் அந்தக் காடி இருக்கிறது. அடிக்கட்டைத் தகடு பிறை போல வளைந்திருக்கிறது. அதுவும் ரைஃபிளுக்கே உரியது. குழல் வாயும் கார்பைனுக்கு இருக்க வேண்டியதைவிடத் தடிப்பு. முன் குறிமுனை உட்காரும் காடியின் ஓரங்களில் அரத்தால் கையாலே இழைத்த தடம். ஆக, இது ரைஃபிளாகப் பிறந்தது. வளையத்துக்கான துளை பிற்பாடு போட்டது.

ஆனாலும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சிறப்பு ஆணை கொடுத்தால் குறுகிய குழலோடும் ரைஃபிள் செய்து கொடுத்தார்கள். எனவே கீழ்வாலில் (விசைக்குப் பின்னால் கட்டையோடு ஒட்டி நீளும் இரும்புப் பட்டையில்) பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கும் வின்செஸ்டர் ஆலைப் பேரேடுகளைப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வழக்கமான நீளமாக இருந்தால் எழுத்தர் நீளத்தைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார். ‘ரைஃபிள், உருண்டைக் குழல்’ என்று மட்டும் இருந்தால் 24 அங்குலம் என்று கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டதே சான்றாகிறது.

அதே பேரேட்டில், திரும்ப வந்து பழுதுபார்க்கப்பட்டது என்ற குறிப்பும் சில எண்களுக்கு எதிரே இருக்கும். அதாவது ஆலையே பின்னாளில் கை வைத்திருக்கிறது. அப்போது எது ‘ஆலை அமைவு’? முதல் தடவை செய்ததா, பழுதுபார்த்து அனுப்பியதா? இரண்டும் ஆலை வேலைதான். பேரேடு உறுதியாகச் சொல்வது, கிடங்கிலிருந்து முதலில் வெளியே போன நாளில் துப்பாக்கி எப்படி இருந்தது என்பதை. சொல்லும் அந்த நாளைத்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் புறப்பாட்டு அமைவு.

> புறப்பாடு என்றால் கோயில் வீதியில் சுவாமி வருவதல்லவா நினைவுக்கு வருகிறது!

வரட்டுமே. முழு அலங்காரத்தோடு வாசலைத் தாண்டும் அந்தக் கணம்தானே இங்கும் வேண்டியது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் அதே சொல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. ‘விடுப்பமைவு’ என்று வந்த இன்னொரு பரிந்துரை, அலுவலகத்தில் விடுமுறை கேட்பது போல ஒலிக்கிறது, அதை விட்டுவிடலாம்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

புறப்பாட்டு அமைவு: துப்பாக்கி ஆலைக் கிடங்கிலிருந்து முதன்முறை அனுப்பப்பட்டபோது கொண்டிருந்த வகை, குழல், தோட்டா அளவு, விசை, கட்டை, தகடு ஆகியவற்றின் தொகுதி.
ஆலைத் திருத்தம்: அதன்பின் ஆலைக்கே திரும்பி வந்து செய்யப்பட்ட மாற்றம்.
பின்மாற்றம்: ஆலைக்கு வெளியே யார் செய்திருந்தாலும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்து, தேய்ந்துபோன குழலைக் குடைந்து உள்ளே புதுக் குழாய் செருகுவதற்கு ஒரு சொல் வேண்டும். ‘உள்ளுறை இடுதல்’ என்று தொடங்கிவைக்கிறேன். இதைவிடக் குறுகியது கிடைத்தால் மகிழ்வேன்.

அன்புடன்.