கல்லடி வீட்டுக் கலியாணம் (குடும்பக் குழு)

டோகா சின்னம்மா: எல்லோரும் சுகமா? பிள்ளைக்குக் கலியாணத்துக்குப் போட ஒரு நல்ல சென்ட் வாங்கவேண்டும். நேற்றுக் கடைக்குப் போய் மணந்து மணந்து கடைசியில் ஒன்றும் விளங்கவில்லை. கடைக்காரப் பிள்ளை ஊத் ஊத் என்று அகில் மணமாகவே எடுத்துக் காட்டுகிறாள். வெள்ளிக்கிழமை திரும்பவும் போவேன். எது வாங்க?

பெரியம்மா: ஊத் வேண்டாம்

கல்முனை மச்சாள்: ஊத் வேண்டவே வேண்டாம் மாமி

களுவாஞ்சிக்குடி மாமா: ஏன், ஊத்துக்கு என்ன?

பெரியம்மா: தெரியாத மாதிரிக் கேட்கிறாய். சின்னவளின் சாமத்தியச் சடங்குக்கு நீ பூசிக்கொண்டு வந்து நம் அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது மறந்துபோச்சா

களுவாஞ்சிக்குடி மாமா: அது சாம்பிராணிப் புகை

பெரியம்மா: சாம்பிராணி நம் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போடுகிறோம்

கல்முனை மச்சாள்: அப்பா விடுங்கள்

அக்கா: சின்னம்மா, லேசாக ஏதாவது போதும். தலை வலிக்கக் கூடாது

ஆரையம்பதி மாமி: எத்தனை போத்தல் வாங்குகிறீர்கள் மச்சாள்

ஆரையம்பதி மாமி: சும்மா கேட்டேன்

டீச்சர் அக்கா: சின்னம்மா, அவசரப்பட்டு வாங்கவேண்டாம். நான் எழுதுவது நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள். கலியாணம் ஆனியில். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற நேரம். மண்டபத்தில் ஏசி இல்லை, மின்விசிறி மட்டும்தான். வெக்கையில் சென்ட் வேகமாக ஆவியாகும், அதனால் ஏசிக் கடைக்குள் இதமாக இருக்கிற மணம் இங்கே ஆளைத் தூக்கி அடிக்கும். வனிலா, அம்பர், ஊத் எல்லாம் கனமானவை, இந்த வெயிலுக்குத் திகட்டும். நமக்கு வேண்டியது எலுமிச்சை, தோடம்பழம், தேயிலை, பச்சிலை, மெல்லிய வெள்ளைப் பூ. போத்தலில் ஓ டி பர்ஃபம் என்று போட்டிருந்தால் வாசனை எண்ணெய் பொதுவாக நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு இருக்கும். ஓ டி டொய்லெட் என்றால் 5 முதல் 15. கொலோன் அதைவிடக் குறைவு. பகல் கலியாணத்துக்கு ஓ டி டொய்லெட் தாராளம்.

பெரியம்மா: கொலோன் என்றால் காய்ச்சலுக்கு நெற்றியில் போடுகிற ஓடிக்கொலோனா

டீச்சர் அக்கா: அதேதான் அம்மா. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் 1709இல் ஃபரினா குடும்பம் தொடங்கிய கடையில் பிறந்த வகை. எலுமிச்சை, தோடம்பழம், அதே இனத்துப் பெர்கமொட் பழ எண்ணெய்களை மதுசாரத்தில் கலந்தது. அதனால்தான் பட்டவுடன் குளிர்கிறது

பெரியம்மா: அதையே போட்டால் என்ன, வீட்டில் ஒன்று கிடக்கிறது

அக்கா: பெரியம்மா!!

அம்மா: கலியாணப் பெண்ணுக்குக் காய்ச்சல்காரி மணமா

களுவாஞ்சிக்குடி மாமா: தாலிக்குப் பொன்னுருக்கு எந்தக் கிழமை என்று முடிவாச்சா?

ஆரையம்பதி மாமி: கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கிற கிழமையில் வைத்தால் நாங்கள் வருவது கஷ்டம். இப்போதே சொல்லிவிட்டேன்

அம்மா: அது தெரியும் மச்சாள், ஐயரிடம் கேட்டிருக்கிறோம்

ஆரையம்பதி மாமி: அம்மன் சடங்கு திருக்குளிர்த்தியோடு முடியட்டும். அதற்கு முன் எங்கள் வீட்டில் மீன் இறைச்சியும் இல்லை, ஒரு கொண்டாட்டமும் இல்லை

களுவாஞ்சிக்குடி மாமா: மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கிழமைதான் வசதி என்கிறார்களாம்

ஆரையம்பதி மாமி: அவர்கள் சொல்வார்கள்

நான்: சின்னம்மா, காத்தான்குடியில் நல்ல அத்தர் இருக்கிறதே, எதற்கு டோகாவில் தேடவேண்டும்?

களுவாஞ்சிக்குடி மாமா: அப்படிச் சொல்லடா மருமகன்

டீச்சர் அக்கா: தம்பி சொல்வது நல்ல யோசனைதான். அத்தர் எண்ணெய், அதில் மதுசாரம் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு துளி மல்லிகை அத்தர் தொட்டால் தோலோடு நிற்கும், மண்டபம் முழுக்கப் பரவாது. ஆனால் கூறைச் சேலையில் பட்டால் எண்ணெய்க் கறை போகாது. சென்ட் என்றாலும் பட்டில் அடிக்கக் கூடாது, கறை விழும். குளித்துத் துடைத்தவுடன் தோலில் அடித்து, காய்ந்த பிறகு சேலை, அதற்குப் பிறகு நகை. முத்து இருந்தால் கட்டாயம் கடைசியில்தான், சென்ட் பட்டால் முத்தின் பளபளப்பு மங்கிவிடும்.

அம்மா: முத்துத் தோடு போடுவதாகத்தான் இருக்கிறாள்

கல்முனை மச்சாள்: எந்தத் தோடு, அம்மம்மாவுடையதா?

அம்மா: ஓம்

கல்முனை மச்சாள்: ம்

ஆரையம்பதி மாமி: அது சின்னவளுக்கு என்று அல்லவா அம்மா சொல்லியிருந்தா

பெரியம்மா: அதை இங்கே எழுதவேண்டாம்

டோகா சின்னம்மா: சென்ட் சென்ட்! கடையில் இரண்டு எனக்குப் பிடித்தது. ஒன்று டொல்சே அன்ட் கபானா லைட் புளூ. மற்றது எர்மெஸ், நைல் என்று ஏதோ பிரெஞ்சுப் பெயர், பச்சைப் பெட்டி

டீச்சர் அக்கா: சின்னம்மா உங்கள் மூக்கு நல்ல மூக்கு! இரண்டுமே வெயிலுக்கென்றே செய்தது மாதிரி. லைட் புளூ 2001இல் வந்தது, எலுமிச்சை வகையும் பச்சை அப்பிளும் மேலே, நடுவில் மல்லிகை, மூங்கில், அடியில் தேவதாரு மரம் (சீடர்). மற்றது 2005இல் வந்த ‘அன் ஜார்டன் சுர் லெ நீல்’. செய்தவர் ழான் குளோட் எலெனா. எகிப்தில் அஸ்வான் பக்கம் நைல் ஆற்றோரத்து மாமரங்களில் தொங்கிய காயின் மணத்தை வைத்து அதை உருவாக்கினார். பச்சை மாங்காயும் தாமரையும். இனிப்பே இல்லை, அவ்வளவு சுத்தமான மணம்.

கல்முனை மச்சாள்: மாங்காய்க்காகவா டோகாவுக்குப் போகவேண்டும், எங்கள் வளவில் கொட்டிக் கிடக்கிறது

களுவாஞ்சிக்குடி மாமா: இந்தமுறை காய் நல்லாக இருக்கா?

கல்முனை மச்சாள்: குரங்குக்குத்தான் அப்பா

பெரியம்மா: அனுப்பு, ஊறுகாய் போடலாம்

டோகா சின்னம்மா: மாங்காய்ப் பெட்டி விலை கூட. லைட் புளூவும் குறைவில்லை

டீச்சர் அக்கா: கை கடித்தால் எலிசபெத் ஆர்டன் கிரீன் டீ பாருங்கள், 1999 முதல் இருக்கிறது, விலை மிகக் குறைவு. எலுமிச்சையும் தேயிலையும். நீண்ட நேரம் நிற்காது, ஆனால் சின்னப் போத்தலில் ஊற்றி வைத்துக்கொண்டு திரும்ப அடிக்கலாம்.

அக்கா: எனக்கு மாங்காய்

பெரியம்மா: லைட் புளூ

நான்: அக்காவின் கலியாணம் பெரியம்மா

டீச்சர் அக்கா: எதை வாங்கினாலும் கடதாசித் துண்டில் மட்டும் மணந்து முடிவெடுக்கவேண்டாம் சின்னம்மா. ஒன்றை வலது மணிக்கட்டிலும் மற்றதை இடது மணிக்கட்டிலும் அடியுங்கள். முதலில் வருகிற எலுமிச்சை மணம் சீக்கிரம் பறந்துவிடும், அதை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குப் பிறகு வருவதுதான் தாலி கட்டும்போது கூட இருக்கப்போகிற மணம். அப்புறம் கடைக்கு வெளியே வெயிலில் ஒரு நடை நடந்து திரும்ப மணந்து பாருங்கள். டோகா வெயிலில் திகட்டாதது கல்லடியில் திகட்டாது. நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குத் தங்கச்சியின் தலையில் மல்லிகை இருக்கும், உடம்பில் சந்தனம், பக்கத்தில் ஓமப்புகை, வாசலில் பன்னீர். சென்ட் இவற்றுக்கெல்லாம் வழிவிட்டு நிற்கவேண்டும். மல்லிகையை அமுக்குகிற சென்ட் எவ்வளவு விலை என்றாலும் அது கலியாணத்துக்கு உதவாது. அம்மம்மாவும் முன்வரிசையில் இருக்கவேண்டும்.

அக்கா: ❤️

அம்மா: அம்மம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டா. சரி என்கிறா

களுவாஞ்சிக்குடி மாமா: நானும் அன்றைக்கு ஒன்றும் பூசமாட்டேன், போதுமா

பெரியம்மா: போதும் தம்பி

டீச்சர் அக்கா: இன்னொன்று தங்கச்சி. பெர்கமொட், எலுமிச்சை எண்ணெய் பட்ட தோலில் கடும் வெயில் விழுந்தால் கருந்தழும்பு வரலாம். தழும்பு வரவைக்கிற சத்தை நீக்கிய எண்ணெயும் இப்போது போடுகிறார்கள், ஆனாலும் கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் நின்று படம் எடுக்காதே. பாலத்தடிப் படமெல்லாம் பின்னேரம் வைத்துக்கொள்

அக்கா: படக்காரர் பகல் 12 மணிக்கு என்கிறார்

அம்மா: யார் சொன்னது 12 மணி? ராகு காலம் பார்த்தீர்களா

நான்: கண்ணா மச்சான் போன முறை சென்டைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுத்த மாதிரி ஆகாமல் பாருங்கள் சின்னம்மா

டீச்சர் அக்கா: ஓம். கைப்பை என்றால் போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது. பெரிய பெட்டியில் போடுவது நல்லது, ஒரு போத்தல் அரை லீற்றர் வரை, இப்படியான சாமான் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு 2 லீற்றர்

ஆரையம்பதி மாமி: 2 லீற்றர் என்றால் எல்லா வீட்டுக்கும் காணும்

ஆரையம்பதி மாமி: போன முறை எங்களுக்குச் சவர்க்காரம் மட்டும்தான் வந்தது

டோகா சின்னம்மா: மச்சாள், அது கிலோ கூடி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டது. உங்களுடையது என்று எழுதி வைத்த போத்தல் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. இந்த முறை அதுதான் முதலில் பெட்டிக்குள் போகும்

ஆரையம்பதி மாமி: எனக்கென்று இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள்

ஆரையம்பதி மாமி: என்ன மணம் அது?

டோகா சின்னம்மா: ரோசா

ஆரையம்பதி மாமி: நல்லது

டோகா சின்னம்மா: சரி, வெள்ளிக்கிழமை இரண்டையும் கையில் அடித்து வெயிலில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மாங்காய் கொஞ்சம் முன்னால் நிற்கிறது

பெரியம்மா: லைட் புளூவையும் பார்

அம்மா: மறுகா, மண்டபத்துக்கு மிச்சக் காசு யார் கொண்டுபோவது? நாளைக்குக் கடைசி

களுவாஞ்சிக்குடி மாமா: பொன்னுருக்கு நாள் தெரிந்தால் நான் லீவு போடலாம்