தட்டைத்திரையா, பலகைத்திரையா?

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘பிளாட் பேனல்’ எனப்படும், படக்குழாய் இல்லாத கணினித்திரைகளுக்குத் ‘தட்டைத்திரை’ என்ற சொல்லே போதும் என்று அன்பர்கள் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வேலூரில் கணினி அச்சுக்கோப்புத் தொழில் செய்த நாளில், ‘பிளாட் மானிட்டர்’ என்ற பெயரை நம்பி 17 அங்குலத் திரை ஒன்றை வாங்கினேன். முகப்புக் கண்ணாடி சமமாகத்தான் இருந்தது. பின்புறத்தில் படக்குழாய் பழையபடியே நீண்டிருந்ததால், மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. விற்றவர் பொய் சொல்லவில்லை, சொல்தான் காலை வாரியது. ‘தட்டை’ என்பது முகத்தை மட்டும் காட்டுகிறது; நமக்கு வேண்டியதோ முதுகையும் சேர்த்துச் சொல்லும் சொல்.

முதுகு ஏன் நீண்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1897-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பிரவுன் உருவாக்கிய குழாயின் வழிவந்த படக்குழாய்த் திரைகளில், குழாயின் கழுத்துப் பகுதியிலிருந்து புறப்படும் மின்னணுக் (எலக்ட்ரான்) கற்றை திரையின் நான்கு மூலைகளையும் எட்டும்படி வளைக்கப்படுவதால், அதற்கு உள்ளே தொலைவு தேவைப்படுகிறது. திரை அகல அகலக் குழாயும் நீளும். 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லாட்டோ, வில்சன் ஆகிய மூவரும் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வி அமைப்புக்காக உருவாக்கிய பிளாஸ்மாத் திரையில் அந்தக் கற்றையே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக மின்முனைக் கோடுகள் ஓடும் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைபட்ட வளிமம் (வாயு), கோடுகள் சந்திக்கும் புள்ளியில் ஒளிரும். ஒளிர்ந்த புள்ளி தன் நிலையைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது என்பது, நினைவகம் கொள்ளை விலை விற்ற அக்காலத்தில் சிறிய பேறன்று. ‘எல்சிடி’ எனப்படும் நீர்மப்படிகத் திரையும் இரு தகடுகளின் நடுவே அமைவதுதான். ஆனால் அது தானே ஒளிராமல், பின்விளக்கின் ஒளியைப் புள்ளிதோறும் விடுவதும் தடுப்பதுமாக இயங்குகிறது.

ஆக, இரண்டுக்கும் பொதுவானது தகடு தகடாக அமைந்த மெல்லிய உடல். அதனால் ‘பலகைத்திரை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பலகை என்றால் மரம் நினைவுக்கு வருமே என்ற மறுப்பு எழலாம். விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்போது நமக்கு மரம் நினைவுக்கு வருவதில்லை. ‘மென்திரை’ வேண்டாம், மென்பொருள் வந்த பிறகு அந்த ‘மென்’ வேறு பொருளுக்குப் போய்விட்டது.

‘திரைப்பலகை’ என்று மாற்றிப் போட்டால் என்ன என்றும் கேட்கலாம். தமிழில் தலைமைச் சொல் பின்னால் நிற்பதால், பலகைத்திரை ஒருவகைத் திரை, திரைப்பலகை ஒருவகைப் பலகை. இரண்டும் நமக்குத் தேவை. காட்பாடியில் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் என் திரையைத் திறந்து பார்த்துவிட்டு, “மானிட்டர்ல போர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், பேனல்தான் போச்சு” என்றார். முழு மானிட்டர் வேறு, உள்ளிருக்கும் பேனல் வேறு என்று அவர் பேச்சில் தெளிவாக இருக்கும் அந்த வேறுபாடு கலைச்சொல்லில் கரைந்துவிடக் கூடாது. முழுக் கருவியைப் பலகைத்திரை என்றும், உள்ளே உள்ள கண்ணாடி அடுக்கைத் திரைப்பலகை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

‘நீர்மப்படிகப் பலகைத்திரை’ சற்று நீளம்தான். வழக்கில் ‘படிகத்திரை’ என்று தானே குறுகிவிடும் என நினைக்கிறேன். பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிடலாம்.